அரிதாரம் பூசிய பிள்ளைகள்

ஜவ்வாது மலையில் மார்கழி இரவு மிக நீளமானது. ஏழு மணிக்கெல்லாம் ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் கதவுகள் சாத்தப்பட்டுவிடும். எட்டு மணிக்குப் பனி இறங்கி, எதிர்வீட்டுக் கூரையையும் மறைத்துவிடும். மின்சாரம் போய்விட்டாலோ கேட்கவே வேண்டாம்; உலகமே இல்லாதது போன்ற இருட்டு. காவலூரில் தொலைநோக்கி அமைத்த வானநூலார் இம்மலையைத் தேடி வந்ததற்கு இந்த இருட்டும் ஒரு காரணமாக இருந்திருக்கும். பள்ளி ஆசிரியரான நமக்கு அந்த இருட்டினால் ஒரு பயனுமில்லை என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தோம். சென்ற மார்கழியில் அடுத்தடுத்து மூன்று இரவுகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. அம்மூன்று இரவுகளிலும் கைவிளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, காலஞ்சென்ற அவ்வை தி. க. சண்முகம் அவர்களுடைய ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலைப் படித்தோம்.

பொழுதுபோக்குக்காகப் படிக்கவில்லை, ஒரு கேள்விக்கு விடை தேடிப் படித்தோம். நம்மிடம் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தந்தை, வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கு வந்து, பிள்ளைக்கு டி.சி. கேட்டார். காரணத்தை அவர் மறைக்கவில்லை. சமவெளியிலுள்ள கூத்துக் குழு ஒன்று தை பிறந்ததும் புறப்படுகிறது. ஆடி வரையில் ஊர் ஊராகப் பாரதக் கூத்து நடத்தும். பையனுக்கு நல்ல சாரீரம். குழுவினர் முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்.

“படிப்பை வுட்டுட்டுப் போறான்னு நெனைக்காதீங்க சார். அங்கயும் ஒரு வாத்தியார்தான சொல்லிக் குடுக்கறாரு?” என்றார் அவர்.

இதற்கு நம்மிடம் சட்டென்று விடை இல்லை. திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இதே மலையிலிருந்து எத்தனையோ சிறுவர்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மேஸ்திரிகளோடு லாரி ஏறிப் போவதைக் கண்டு மனம் வெதும்பியவர் நாம். ஆனால் இந்தப் பையன் மரம் வெட்டவோ கல் உடைக்கவோ போகவில்லை, பாடப் போகிறான். அதுவும், பள்ளி ஆண்டு விழாவிலும் அரசாங்கத்தார் நடத்தும் கோடை விழாவிலும் நாமே மேடையேற்றிக் கைதட்டு வாங்கிக் கொடுத்த பையன்! கலைக்காகப் பிள்ளையைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? இதை அனுபவித்தவர் ஒருவரே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தோம்.

இக்காலத்து இளைஞர் பலருக்குச் சண்முகம் அவர்களின் பெயர் ஒரு சினிமாத் தலைப்பின் மூலமே தெரிந்திருக்கும். 1996-ஆம் ஆண்டில் கமல்ஹாசன் பெண் வேடத்தில் நடித்த ‘அவ்வை சண்முகி’ என்ற படத்தின் பெயரில் இருப்பவர் இவரே. கமல்ஹாசனும் 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறு பிள்ளையாக நடித்த பிறகு, சண்முகம் சகோதரர்களின் நாடக சபையில் பயின்றவர்தான்.

சண்முகம் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீ பார்ட் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழு தொடங்கியபோது, அண்ணன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோரோடு சண்முகமும் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஆறு. இப்போது நம் பள்ளியில் முதல் வகுப்பில் உட்கார்ந்து சிலேட்டில் ‘அ’ போடும் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் அவர் சம்பளம் வாங்கும் நடிகர்.

சபையின் ஆசிரியர் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ முதலிய நாடகங்களை இயற்றித் தமிழ் மேடைக்கு உயிர் கொடுத்தவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்துவது என்ற ஏற்பாடு வந்ததற்குக் காரணம் சுவையானது. அக்காலத்தில் பெரிய நடிகர்கள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கி வாதம் செய்வார்கள். பாடம் பண்ணிய வசனத்தை விட்டு மனம்போனபடி பேசுவார்கள். சிறுவர்களோ சொன்னதைச் செய்வார்கள். ஆகவே ‘பாய்ஸ் கம்பெனி’ பிறந்தது. பெரியவர்களின் ஒழுங்கீனத்துக்குப் பரிகாரம் செய்யும் பொறுப்பு பிள்ளைகளின் தலைமேல் விழுந்தது என்று நாம் இதை வேறு விதமாகவும் சொல்லலாம்.

கம்பெனி வீடு என்பது பள்ளிக்கூடமும் விடுதியும் தொழிற்சாலையும் சேர்ந்த ஓர் இடம். பகலெல்லாம் பாட்டும் வசனமும் உருப்போட வேண்டும். ஆர்மோனியக்காரர் முன்னிலையில் சுருதி தவறாமல் பாட வேண்டும். வெளியார் வீட்டுக்குப் போகக் கூடாது; தனியே தெருவில் நடக்கக் கூடாது; நன்றாக நடிக்கும் பையனை வேறு கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற அச்சம் முதலாளிக்கு உண்டு. இரவு நாடகம் நள்ளிரவு தாண்டி நடக்கும். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் படுத்தால், விடிந்ததும் மறுபடி பாடம். ராஜபார்ட், ஸ்திரீ பார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிள்ளைகளுக்குப் பெயரே வேடத்தை வைத்துத்தான்.

நாம் கேள்விப்பட்ட சுயசரிதைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பட்டதையெல்லாம் மறந்து பாராட்டு மட்டும் சொல்வது. மற்றது, பழி தீர்த்துக்கொள்வது. சண்முகம் அவர்களின் நூல் இரண்டிலும் சேராது. சுவாமிகளைப் பற்றி அவர் எழுதும் இடங்களில் அச்சமும் அன்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. சுவாமிகளோ சாமானியமான மனிதர் அல்லர். தாம் நடிகராக இருந்த நாட்களில் எமன், சனீசுவரன், இரணியன் போன்ற வேடங்களைத் தாங்கியவர். அவருடைய கோர வேடத்தைக் கண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு உண்டானதாகவும், அதன்பின் மனம் நொந்து அவர் நடிப்பதையே விட்டுவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. அத்தகையவர் எதிரே ஆறு வயதுப் பிள்ளை நின்று பாடம் ஒப்பிக்கிறது!

அதே சுவாமிகள்தாம், இந்தச் சிறுவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ என்ற நாடகத்தை ஒரே இரவில் எழுதினார். பாட்டும் வசனமுமாக ஒரு முழு நாடகம். விளக்கின் முன் உட்கார்ந்தவர் விடியும்போது முடித்துவிட்டார். சிறுவன் சண்முகம் அபிமன்யுவானான். இந்த இடத்தைப் படித்தபோது, நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே வந்து நின்றோம். நம் இருபதாண்டு ஆசிரியத் தொழிலில், ஒரு மாணவனுக்காக ஓர் இரவு முழுவதும் நாம் விழித்திருந்தது உண்டா என்று மனம் கேட்டது. உண்டு என்று சொல்ல நாவெழவில்லை. நாம் கொடுத்தது வேறு.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில், ஆண்டு விழாவுக்காகக் கட்டபொம்மன் நாடகம் தயாரித்தோம். தலைமை தாங்க அதிகாரி ஒருவர் வருகிறார் என்ற பரபரப்பு. ஒத்திகையில் ஒரு பையன் மூன்றாம் முறையும் வசனத்தை மறந்தான். எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அவன் கன்னத்தில் அறைந்தோம். அவன் அழவில்லை, உடனே வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னான். விழாவில் பலத்த கைதட்டல். ‘பார்த்தீர்களா, ஓர் அடியில் வந்துவிட்டது’ என்று உடனிருந்த ஆசிரியரிடம் பெருமையாகவும் சொன்னோம். அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறானோ! அவன் ஒரு சுயசரிதை எழுதினால், நாம் அதில் எந்தப் பக்கத்தில் வருவோம் என்பது நமக்குத் தெரியும்.

1921-இல் சுவாமிகளைப் பாரிசவாயு தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்கள் பிறந்த நாவில் பேச்சு நின்றது. 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் அவர் காலமானார். நாடகம் நிற்கவில்லை; கம்பெனியில் நாடகம் எதற்காகவும் நிற்பதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் அவர்கள் இச்சிறுவர்களுக்கு ‘மனோகரா’ நாடகத்தைக் கற்பித்தார், சண்முகம் மனோகரனானார். 1925 மார்ச் 31-ஆம் தேதி சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்ற பெயரில் சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். அன்று சண்முகத்துக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பின்னர் 1931-இல் வெ. சாமிநாத சர்மா அவர்களின் நாடகத்தைத் ‘தேசபக்தி’ என்ற பெயரில் மேடையேற்றி, அன்னிய ஆட்சியின் கோபத்துக்கும் அஞ்சாமல் நின்றது, ‘அவ்வையார்’ நாடகத்தில் கிழவி வேடம் தாங்கி அதையே பட்டமாகப் பெற்றது முதலிய சரித்திரமெல்லாம் நூலை வாங்கிப் படிக்கத் தக்கவை. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருப்பதால் கிடைப்பதில் சிரமம் இல்லை.

நம் மனம் நின்றது வேறோர் இடத்தில். பாய்ஸ் கம்பெனிச் சிறுவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு பகைவன் உண்டு. அதற்கு ‘மகரக்கட்டு’ என்று பெயர். பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும் பருவம் அது. நேற்று வரை நான்கரைக் கட்டையில் குயில்போலப் பாடிய பையன், ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் தகரத்தைக் கீறுவதுபோன்ற ஓசை வரும். நடிப்பிலோ தாளத்திலோ நிர்வாகத்திலோ வேறு திறமை உள்ளவன் தப்பிப்பான். மற்றவன் கதி? பள்ளிப் படிப்பு இல்லை. வேறு தொழில் தெரியாது. ஊரில் நண்பர்களும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான்.

சண்முகம் எழுதினார். எம். ஜி. இராமச்சந்திரன் ‘நான் ஏன் பிறந்தேன்’ என்று 1970 முதல் ஆனந்த விகடனில் எழுதினார். கண்டிக்கு அருகில் நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, வறுமையினால் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். சிவாஜி கணேசனோ, பெற்றோர் இருக்கும்போதே தம்மை அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். நாடகத்தின்மேல் ஆசை அப்படி! இவர்கள் எல்லோரும் வென்றவர்கள். வென்றவர் சொல்லும்போது பசிகூட அழகாகத் தோன்றிவிடுகிறது. குரல் உடைந்து ஊர் திரும்பிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் வாங்கிய தந்தையிடம் நாம் எந்தக் கதையைச் சொல்வது?

மேல்நாட்டாரும் இதில் நம்மைவிட மேலானவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சார்லி சாப்ளின் 1964-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், தாம் முதன்முதல் மேடையேறிய இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடகியான தாயாரின் குரல் மேடையில் நடுவே உடைந்துவிட்டது. கூட்டம் கூச்சலிட்டது. ஐந்து வயது மகனைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். அவர் பாடினார், ஜனங்கள் காசுகளை வீசினார்கள், குழந்தை பாட்டை நிறுத்திவிட்டுக் காசு பொறுக்கியது, சிரிப்பு அதிகமாயிற்று. அன்றோடு தாயின் தொழில் முடிந்தது, மகனின் தொழில் தொடங்கியது. அதே சாப்ளின் 1921-இல் ‘தி கிட்’ என்ற படத்தில் ஜாக்கி கூகன் என்ற சிறுவனை உலகப் பிரசித்தன் ஆக்கினார். கூகன் சம்பாதித்தது முப்பது நாற்பது லட்சம் டாலர் இருக்கும் என்கிறார்கள். பெரியவனாகிக் கேட்டபோது, தாயாரும் மாற்றாந்தகப்பனாரும் அதைச் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குத் தொடுத்தார். கைக்கு வந்தது 1,26,000 டாலர். அதன் விளைவாகவே 1939-இல் கலிபோர்னியாவில், குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கைச் சேமித்துவைக்க வேண்டும் என்ற சட்டம் பிறந்தது.

நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறது. குழந்தைத் தொழில் பற்றிய சட்டத்தை 2016-இல் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் எத்தொழிலிலும் ஈடுபடலாகாது என்றார்கள். கலைஞராக இருப்பதற்கு விலக்கு அளித்து, படிப்புக்குக் குந்தகம் வரக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். 2017-இல் வந்த விதிகள் இன்னும் விளக்கமானவை. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து இருபத்தேழு நாட்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் குழந்தைகளை நினைத்தால் இவ்விதிகள் வேண்டியவையே என்று தோன்றுகிறது. ஆனால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, சூரியோதயத்தில் முடியும் கூத்தை ஐந்து மணியில் அடக்குவது எப்படி? விதி எழுதியவர் துரோபதையம்மன் கோவில் திடலில் ஓர் இரவேனும் பாயை விரித்து உட்கார்ந்தவராக இருக்க முடியாது.

கூத்தை இழிவாக எண்ணி இதைச் சொல்லவில்லை. இம்மலையில் ஊற்றெடுக்கும் செய்யாறு கீழே இறங்கிப் பாயும் நாடு, கூத்தின் தாய்நாடு. செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெரிய கலைஞர்கள் தோன்றி, அக்கலையைக் கடல் கடந்தும் கொண்டுசென்றார்கள். அங்கே பிள்ளைகள் தகப்பன், பாட்டன் மடியிலிருந்து கற்றார்கள். அதில் பள்ளி வாத்தியாருக்கு வேலையில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத குழுவோடு ஏழு மாதம் அனுப்புவது அதே காரியம் ஆகாது. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளத்தான் நமக்கு மூன்று இரவு ஆயிற்று.

திங்கட்கிழமை காலையில் தந்தையும் மகனும் வந்தார்கள். பனி விலகாத முற்றத்தில் இருவரும் ஒரே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

நாம் சொல்ல எண்ணியிருந்ததைச் சொன்னோம். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பச் சட்டம் இடம் கொடாது, டி.சி. கொடுக்க முடியாது. குழுவின் வாத்தியார் மலைக்கு வருவதானால், சனி ஞாயிறுகளில் பள்ளித் திண்ணையிலேயே பாட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும்; முழுப் பரீட்சை விடுமுறையில், தகப்பனார் கூடவே இருந்து, பக்கத்து ஊர்க் கூத்துக்கு அழைத்துப் போகட்டும்.

“முன்பணத்துல பாதி செலவாயிடுச்சே சார்” என்றார் தந்தை. மூத்த மகளின் பிரசவச் செலவு என்பது அவர் சொல்லாமலே நமக்குத் தெரியும். குழுவினரிடம் நாமே பேசுவதாகவும், தவணையாகத் திருப்ப ஏற்பாடு செய்வதாகவும் சொன்னோம். அவர் சரி என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. துப்பட்டியின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றார்.

பையனோ நம் மேஜைமேல் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்தோம். அவன் எழுத்துக் கூட்டாமல் படிக்கக் கூடியவன். அபிமன்யு வேடத்தைப் பற்றிய பக்கத்தைக் காட்டினோம். உதடு அசையப் படித்தான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் திருப்பினான். பிறகு தலை நிமிர்ந்து, “சார், இவருக்கு அப்ப தூக்கம் வந்தா யாரு மடியில படுத்துக்குவாரு?” என்று கேட்டான்.

தந்தை முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, துப்பட்டியை முழுவதும் எடுத்து மகன் தோளில் போட்டுவிட்டு, “நீ வகுப்புக்குப் போடா. நான் கீழ போயி அவங்களாண்ட பேசிட்டு வரேன்” என்றார்.

ஒன்பது மணிப் பேருந்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நாமும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு புறப்பட்டோம்.